அக்கா பெயரில் வந்த அழைப்பு

அக்கா இறந்து ஆறாவது வருஷம், ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பெயரில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. கடையைத் திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திவிட்டு மெயிலைத் திறந்தால் முதல் வரியில் அவள் பெயர். டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவாளே, இனிஷியலை முன்னால் வைத்து, அதே மாதிரி. 'ஒரு சிறப்பு நிகழ்வுக்கு உங்களை அழைத்துள்ளார். அழைப்பிதழைக் காண இங்கே அழுத்தவும்.' அதற்குக் கீழே ஒரு ரோஜாப்பூ, பச்சை நிறத்தில் ஒரு பட்டன்.

பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். முந்தின நாள் சாயங்காலம்தான் நாங்கள் அவளைக் கூப்பிட்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பொம்பளையைத்தான் முதலில் அழைக்க வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போய், சேலை, வளையல், பூ எல்லாம் வைத்துப் படைப்பார்கள். பம்பைக்காரர் பம்பை அடித்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கலசம் ஏந்தி நிற்கிற பெண்ணின்மேல் அவள் இறங்கி, கல்யாணத்தை நடத்துங்கள் என்று உத்தரவு கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கலசத்தோடு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து, பந்தக்கால் நடுவார்கள். எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கை. மீதிப் பாதி பயம்.

கல்யாணம் அக்கா மகளுக்கு. அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு வடக்கனந்தலில். வயல் கிணற்றடியில் அக்கா வீட்டுக்காரருடைய தங்கை கலசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பை அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் கை வலியில் கலசத்தை மாற்றி மாற்றிப் பிடித்தாளே தவிர ஒரு நடுக்கம், ஒரு சிலிர்ப்பு கிடையாது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டது. "சில பேரு லேட்டாதான் வருவாங்க. நாளைக்கு ஒருதபா பாத்துக்கலாம்" என்று பம்பைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா மட்டும் கிணற்றுத் தண்ணீரையே எட்டிப் பார்த்தபடி நின்றார். மாமா என்று நான் கூப்பிடுவது அக்கா வீட்டுக்காரரைத்தான். "எம்மேல கோவமா இருக்கா ம்மா" என்றார் என்னிடம். படைத்த சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்தால் இந்த மெயில். சுண்டுவிரல் அளவு பட்டன், அதை அழுத்தினால் அக்கா எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துவிடும். மவுஸ் மேல் கை வைத்துவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் நான் நம்பினேன்.

என்னைத் தடுத்தது புத்திசாலித்தனம் இல்லை, தொழில். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு டிடிபி கடை. பத்திரிகை அடிப்பதுதான் சோறு போடுகிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கருமாதி என்று எல்லாப் பத்திரிகையும் என் கை வழியாகத்தான் போகிறது. எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு மறைக்கத் தெரியாது. யார் பேரன், யார் பேத்தி, எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று எல்லாவற்றையும் மேலேயே கொட்டிவிடும். ஒரு தாய்மாமன் பேர் விட்டுப்போனால் கடைக்கே சண்டைக்கு வருவார்கள். கவரில் மஞ்சள் தடவியிருக்கிறதா கறுப்புப் பட்டை போட்டிருக்கிறதா என்பதிலேயே நல்லதா கெட்டதா என்று தெரிந்துபோகும். இந்த மெயிலில் என்ன விசேஷம், எந்த ஊர், என்றைக்கு என்று ஒரு எழவும் இல்லை. எல்லாம் உள்ளே இருக்கிறதாம், திறந்தால்தான் தெரியுமாம். சொல்வதற்குத்தானய்யா பத்திரிகை, மறைப்பதற்கா?

கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்தேன். மேலே அக்கா பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகவரியைத் திறந்தால், அது அவளுடையது இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு குப்பை. பட்டனை அழுத்தாமல் அதன்மேல் அம்புக்குறியை மட்டும் கொண்டுபோனேன். அது எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று திரையின் அடியில் வந்தது. அதற்கும் எந்த அழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் அக்காவோடு வேலை பார்த்த யாருடைய மெயிலோ திருட்டுப் போயிருக்க வேண்டும். அதிலிருந்து பெயர்களை அள்ளியிருக்கிறார்கள். செத்தவர்கள் பெயரை யாரும் மெயிலிலிருந்து அழிப்பதில்லை. நானும்தான் அழிக்கவில்லை.

அப்போதுதான் கோபம் வந்தது. கடையில் யாரும் இல்லாததால் வாய்விட்டே திட்டினேன். எவனோ ஒருத்தன், எங்கள் ஊர் இருக்கிற திசைகூடத் தெரியாதவன், என் அக்கா பெயரைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறான். நாசமாய்ப் போக.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான். இந்த மாதிரி வந்தால் திறக்காதே, அனுப்பினவருக்கே போன் போட்டு, 'நீங்கதான் அனுப்புனீங்களா' என்று கேள். அன்றைக்கு நான் யாரைக் கேட்பேன்?

அப்புறம்தான் சுருக்கென்றது. எனக்கு வந்திருந்தால் மாமாவுக்கும் வந்திருக்கும்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ம்மா. உங்க அக்கா கூப்ட்டுட்டா ம்மா."

"மாமா, இன்னா பண்ணீங்க? எதுனா தொட்டீங்களா?"

"உத்தரவு வந்துட்ச்சு. நேத்து கெணத்தாண்ட வராதவ காலைல போனுக்கு வந்துட்டா. குளிச்சிட்டு, அவ படத்தாண்ட வெளக்கேத்தி வெச்சிட்டுதான் தெறந்தேன். மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் போடுன்னு வந்துச்சு. போட்டேன். தப்புன்னுச்சு, இன்னொரு தபா போட்டேன். இப்ப சுத்திக்கினே இருக்குது."

ஷட்டரை இழுத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மாமாவின் மெயில் என்றால் அது வெறும் மெயில் இல்லை. அதைச் சொன்னால்தான் நான் ஏன் அப்படி ஓடினேன் என்று புரியும். அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஓர் ஊரில் டீச்சர். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவாள். அவள் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் கிடையாது. மகள் அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், அங்கே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மகளிடம் பேச நினைப்பதையெல்லாம் அக்கா சாயங்காலம் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்துவைப்பாள். மலையிறங்கும்போது ஒரு வளைவில் சிக்னல் பிடிக்கும். அங்கே எல்லாம் மொத்தமாக மாமாவின் மெயிலுக்குப் போய்ச் சேரும். மாமாவிடம் அப்போது பட்டன் போன்தான். மெயிலை உண்டாக்கிக் கொடுத்ததே அக்காதான். லீவுக்கு வரும்போது மகள் என் கடைக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மா பேசியதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தனியாகச் சிரிப்பாள்.

பன்னிரண்டாவது படிக்கும்போது அவளுக்கு நேரமில்லை. பரீட்சை முடியட்டும் சித்தி, மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு மலையிறங்கிய அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை இல்லை. அந்த வருஷத்துப் பதிவுகள் கேட்கப்படாமலே கிடந்தன. மெயிலில் திறக்காதவை தடித்த எழுத்தில் தெரியும், அப்படி வரிசையாகத் தெரியும். மகள் அவற்றைத் திறக்கவே இல்லை. எப்போதாவது தாங்க முடியாமல் போனால் மட்டும் ஒன்றைத் திறப்பாள். "எல்லாத்தையும் கேட்டுட்டா அப்புறம் அம்மா எங்கிட்ட புதுசா பேசவே மாட்டாங்க சித்தி" என்றாள் ஒருமுறை. நான் காப்பி எடுத்து வைக்கிறேன் என்றால் விடமாட்டாள். "நீங்க எடுத்தா நீங்க கேட்டுடுவீங்க." அது உண்மையும்தான். கேட்டிருப்பேன்.

அவ்வளவும் இப்போது எவன் கையிலோ.

வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தபோது மாமா அக்கா படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் போன். போனின் முதுகில் குங்குமம் வைத்திருந்தார். அக்கா மகள், கல்யாணத்துக்கு எடுத்த ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஊசியோடு இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெயிலைத் திறந்தால், பாஸ்வேர்டு மாற்றப்பட்டுவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள் என்றது.

"மாமா, அது அக்கா இல்ல. திருட்டுப் பசங்க. பத்திரிகைய பாக்கறதுக்கு எவனாச்சும் வூட்டு சாவிய கேப்பானா? சாவிய குடுத்துட்டீங்க. பூட்டையே மாத்திட்டான்."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அவ பேரு இருந்துச்சே ம்மா" என்றார். அவ பேரு இருந்துச்சுதான்.

மகள் எழுந்து வந்தாள். "அப்ப அம்மா பேசுனது?" அவ்வளவுதான் கேட்டாள். அழுதிருந்தால் பரவாயில்லை. அழாமல் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். அவள் இன்னும் கேட்காத அந்த வார்த்தைகளை யாரோ ஒருத்தன் பாஷை தெரியாமல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பிரயோசனம் இல்லை என்று அழித்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினேன். திருடன் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாலும் பழைய போன் நம்பருக்குக் கொஞ்ச நாளைக்கு மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கேட்டது: இந்த நம்பருக்கு ஒரு கோடு, ஓடிபி, அனுப்பட்டுமா? நம்பர் முழுக்கப் புள்ளிபுள்ளியாக இருந்தது. கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அது அக்கா நம்பர்.

மெயிலை உண்டாக்கியவள் தன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். மாமாவுக்கு மெசேஜைத் திறந்து பார்க்கத் தெரியாது, தான் இருப்போம், தானே பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பாள். அவள் போன பிறகு யாரும் அந்த நம்பருக்குக் காசு போடவில்லை. அது செத்துப்போய், கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ கொடுத்திருப்பான். யாரிடம் இருக்கிறதோ. இருக்கிறதோ இல்லையோ.

அனுப்பு என்று அழுத்தினேன். பிறகு என் போனை எடுத்து அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். மறக்கவே இல்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. ரிங் போனது.

ஒரு அம்மா எடுத்தார்கள். வயதான குரல். பின்னால் ஆடு கத்தியது.

"யாருங்க?"

நான் மடமடவென்று சொன்னேன். கள்ளக்குறிச்சியிலிருந்து பேசுகிறேன், இந்த நம்பர் முன்னால் எங்கள் அக்காவுடையது, அவள் இறந்துவிட்டாள், அவள் பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம், இப்போது உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், அதில் இருக்கிற எண்ணை மட்டும் படித்துச் சொன்னால் போதும். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. ஊரில் திருடுகிற ஒவ்வொருத்தனும் இதைத்தான் பேசுகிறான். செத்துப்போன அக்கா, கல்யாணப் பெண், அவசரம்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றார்கள் அந்த அம்மா. "பாங்கில சொல்லியிருக்காங்க. யாரு கேட்டாலும், எந்தக் கத சொன்னாலும் நம்பர சொல்லாதன்னு."

"இல்லீங்கம்மா, நான் அப்படிப்பட்டவ இல்ல."

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னும் சொன்னாங்க."

வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் கடைச் சுவரில் நானே அதைத்தான் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டியிருக்கிறேன். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கோடுக்குக் கொஞ்ச நேரம்தான் உயிர்.

மாமா எழுந்தார். தாம்பாளத்திலிருந்த தன் போனை எடுத்தார். "நான் கூப்ட்டா எடுப்பாங்க" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தன் போனில் தான் கூப்பிட்ட நம்பர்களின் பட்டியலைத் திறந்தார். அக்கா பெயர் இருந்தது. அதற்குக் கீழே அக்கா பெயர். அதற்கும் கீழே அக்கா பெயர். நடுவில் ஒரு உரக்கடை, ஒரு பந்தல்காரர், மறுபடி அக்கா பெயர். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரொம்ப நாள் உபயோகத்துல இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார் மாமா, எங்கள் முகத்தைப் பார்க்காமல். "திடீர்னு ஒருநாள் ரிங் போச்சு. ஒரு பொம்பள ஹலோன்னாங்க. ஒரு நிமிசம் அவதான்னு நெனைச்சிட்டேன் ம்மா. அப்புறம் இல்லன்னு தெரிஞ்சுது. ஆனாலும் ரிங் போவுதே. போட்டுப் பாப்பேன். பேச மாட்டேன்."

அழுத்தினார். ஒரு ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எல்லோருக்கும் கேட்டது.

"கண்ணு."

அதே குரல்தான். ஆனால் என்னிடம் பேசிய குரல் இல்லை.

"கண்ணு, நீதானா? இன்னிக்கினாச்சும் பேசு சாமி. திட்ட மாட்டேன். உங்கப்பனும் ஒண்ணும் சொல்லாது. ஆந்திராவுக்கு செம்மரம் வெட்ட கூட்டிக்கினு போனாங்களே, அங்கியேதான் இருக்கிறியா? போனவங்கள்ல ரெண்டு பேரு திரும்பிட்டாங்க கண்ணு. ஒன்ன பாக்கவே இல்லன்றாங்க. நீ உசுரோடதான் கீற, எனக்கு போன் போடுதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறேன். திரும்பக் கூப்ட்டா எடுக்க மாட்டேங்கற. சரி, எடுக்காத. ஒரு வார்த்த பேசு."

செம்மரம் வெட்ட எங்கள் பக்கத்தில் ஆள் பிடிப்பது கல்வராயன் மலையில்தான், அந்த அம்மாவும் மலையில்தான் இருக்கிறார்கள் என்று புரிந்தது. எங்கெங்கோ போயிருக்கக்கூடிய நம்பர், திரும்ப மலைக்கே போயிருக்கிறது. மாமா பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த மூச்சைத்தான் அந்த அம்மா இத்தனை நாளும் மகனுடைய மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதை எழுதத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அந்த அம்மா மேல் இரக்கம் வரவில்லை. கோடுதான் ஞாபகத்தில் இருந்தது. மாமா ஒரு 'ம்' போட்டால் போதும். ஆமாம்மா, நான்தான், அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பர சொல்லு என்றால் அந்த அம்மா உயிரையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் மாமாவின் கையைத் தொட்டு, 'ம்' சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். மகள் என்னைப் பார்த்தாள். பார்வை என்றால் அப்படி ஒரு பார்வை.

மாமா என் கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, நான் உங்க புள்ள இல்லீங்க."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"இது எங்க வூட்டுக்காரி நம்பருங்க. அவ செத்துப்போயிட்டா. ரிங் போவுதான்னு பாக்கத்தான் போட்டேன். நீங்க எடுப்பீங்க, எனக்குப் பேச வராது. நீங்க இப்பிடி நெனைச்சிக்கினு இருப்பீங்கன்னு தெரியாதும்மா. பேசாம கம்முனு இருக்கிறப்ப நீங்க எதுனா சொல்லுவீங்க, கொரலு கேக்கும். இன்னா சொல்றீங்கன்னு நான் காதுல வாங்குனதே இல்ல. மன்னிச்சிடுங்க."

"அப்ப இத்தினி நாளும்..." என்றார்கள் அந்த அம்மா. முடிக்கவில்லை. போன் நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, காலையில் பச்சைப் பட்டனோடு வந்த களவாணியும் நான் மாமாவைச் செய்யச் சொன்னதைத்தான் செய்திருந்தான். யாரை நினைத்து ஏங்குகிறாயோ அவர்கள் பெயரில் வந்து நிற்பது. அவனுக்கு எங்கள் அக்கா, எனக்கு அந்த அம்மாவின் பிள்ளை. வெட்கமாக இருந்தது. லேப்டாப்பை மூடப் போனேன்.

"பரவால்லப்பா" என்றாள் மகள். அப்பா தோளில் கை வைத்து, "நீங்க சொன்னதுதான் சரி. வுடுங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கையில் சுற்றியிருந்த நூல் விரலை அறுத்திருந்தது.

அப்போது மாமாவின் போன் அடித்தது. திரையில் அக்கா பெயர், அக்கா படம். மஞ்சள் சேலையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அது யார் என்று தெரிந்தும் எங்களில் ஒருத்தருக்கும் உடனே அதைத் தொட வரவில்லை. கடைசியில் மாமாதான் எடுத்தார்.

"எழுதிக்குங்க" என்றார்கள் அந்த அம்மா. மூக்கு அடைத்திருந்தது. ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் படித்தார்கள். ஒன்று சொல்வார்கள், நிறுத்துவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், அடுத்தது. நான் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி எண்ணை இரண்டு முறை சொன்னார்கள்.

"வந்துட்ச்சாங்க?"

"வந்துட்ச்சும்மா" என்றார் மாமா.

"பொண்ணுக்குக் கல்யாணம்னு அந்தம்மா சொன்னாங்க. நல்லா இருக்கட்டும்." வைத்துவிட்டார்கள்.

மெயில் திறந்தது. எல்லாம் இருந்தது. கேட்காதவையெல்லாம் தடித்த எழுத்தில் அப்படியே இருந்தன. நான் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றி, வேறு எங்கிருந்தெல்லாம் உள்ளே நுழைந்திருந்தானோ அத்தனையையும் வெளியேற்றினேன். வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு காப்பி வரும்படி களவாணி ஏற்பாடு செய்திருந்தான், அதை நீக்கினேன். அக்கா நம்பரை எடுத்துவிட்டு மகள் நம்பரைப் போட்டேன். அதை எடுக்கும்போது மாமாவைப் பார்த்தேன், எடும்மா என்பது போலத் தலையை ஆட்டினார். அதற்குள் மாமா பெயரில் அதே ரோஜாப்பூ எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குப் போயிருந்தது. மத்தியானம் முழுக்க நானும் மகளும் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டோம், திறக்காதீங்க, திறந்திருந்தா உடனே பாஸ்வேர்ட மாத்துங்க என்று. "உங்க வூட்டுக் கல்யாணப் பத்திரிகைன்னுதானே தெறந்தோம்" என்று நைனார்பாளையத்துச் சொந்தக்காரர் ஒருவர் என்னையே திட்டினார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சைபர் கிரைமுக்கும் புகார் கொடுத்தோம்.

சாயங்காலம் மறுபடியும் கிணற்றடி. பம்பை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மாமாவின் தங்கைக்குக் கலசம் ஆடியது. தலைமுடி அவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நடத்துங்க" என்றாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. குலவை போட்டார்கள். மாமா கும்பிட்டார், ஆனால் முந்தின நாள் போலக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. எப்போதும் மலை இருக்கிற பக்கம் பார்த்து நிற்கிறவர் அன்று மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என்னிடம், "எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க சித்தி. நீங்களும் கேட்டுக்கங்க" என்றாள். எடுத்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றைப் போட்டாள். கதவு வழியாக அக்கா குரல் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தாயா, ஹாஸ்டல் குழம்பில் புளி ஜாஸ்தியா, இங்கே இரண்டு நாளாக ஒரே மழை, துணி காயவில்லை. புதிதாக ஒன்றுமில்லை. அவள் எப்போதும் பேசுவதுதான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மாமா உள்ளே போகவில்லை. வாசலில் பந்தலுக்கு வந்து இறங்கியிருந்த கழிகளின்மேல் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாமா, அக்கா பேசறா" என்று போய்க் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நேத்து வரைக்கும் அந்தம்மாவுக்குப் புள்ள இருந்தான் ம்மா" என்றார்.